நாற்பது மைக்ரான்

கெத்தை மின்நிலையம், இரவு ஷிப்ட்.
நூறு டன் சுழலி அமர்ந்திருப்பது
மயிரில் பாதிகூட இல்லாத எண்ணெய்ப் படலத்தில்,
பட்டும் படாமல்.

இத்தனை வருஷம் தாங்கியைத்
தொட்டி நிறைய எண்ணெயில் முக்கி வைத்திருந்தோம்,
குளிரட்டும் என்றுதான்.
எண்ணெயோ தன்னையே கடைந்து
எழுபத்திரண்டு டிகிரிக்குக் காய்ந்தது.
"சதுப்பில் இறங்கின எருமை" என்றான் பெள்ளி.

பத்துத் திண்டை எட்டாக்கினேன்.
அவை சாயும் முனையை நடுவிலிருந்து
சுழலும் திசையில் கொஞ்சம் தள்ளினேன்.
தொட்டியை வடித்தோம்.
திண்டு விளிம்புக்கு ஒரு துளை;
வேண்டிய இடத்தில் மட்டும் எண்ணெய்.

எரிந்துபோகாதா என்று
சென்னையிலிருந்து கேட்டிருந்தார்கள்.
எனக்கும் அந்தப் பயம் உண்டு.
பதிலில் அதை எழுதவில்லை.

மணி நாலு. மஞ்சூர்ச் சாலை பனிமூட்டத்தில்.
வால்வைத் திறந்தோம்.
முதல் சுற்றில் உலோகம் உலோகத்தை உரசும்
அந்த ஒரு கணம்
பெள்ளி மூச்சு விடவில்லை.
பிறகு ஆப்புப்போல நுழைந்து
தூக்கிக்கொண்டது எண்ணெய்.

அறுபத்தொன்றில் நின்றது முள்.
மிச்சம் பதினெட்டுக் கிலோவாட்.
"அது எங்கே போகும், மேடம்?"

காரமடையில் யாராவது
இந்நேரம் கிரைண்டர் போடுவார்கள் என்றேன்.
அங்கே
கல் உரசத்தான் வேண்டும்.