நூற்றுப் பதினேழு

வில்யாண்டியில் மார்ச் மாதப் பனி
கராஜ் கதவடியில் கருத்த கூழாகக் கிடக்கிறது.
ஜாவாவின் செயின் உறையைக் கழற்றி
பின்பல்லிலிருந்து செயினை விரலால் இழுத்தேன்.
நடுவே வெளிச்சம் தெரிந்தது.
இனி இறுக்க இடமில்லை,
அச்சு பிளவின் கடைசிக்கே வந்தாயிற்று.

பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்கிய மாடு இது.
பற்களெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து
கொக்கியாகி நிற்கின்றன.
"பன்னிரண்டு வருஷமாகச் செயினில் கையே வைக்கவில்லை"
என்று நெஞ்சில் கை வைத்து விற்றார் ஹெல்டுர்.

கடையில் ரைவோ மூன்று பெட்டிகளைத் திறந்தான்.
ஓ-ரிங் வைத்தது, ஆயுசு கெட்டி.
அகலம் என்ன என்றேன். விழித்தான்.
அந்தத் தடிமன் உறைக்குள் ஓடினால்
தகரத்தைச் சுரண்டியபடியே
தெருவுக்கெல்லாம் என் வரவைச் சொல்லும்.
தங்கநிறத்தில் ஒன்று காட்டினான்.
கல்யாணமா நடக்கிறது உள்ளே?
சாதாரணக் கறுப்பு போதும், அரை அங்குலம்.
பின்பல் சக்கரமும் ஒன்று கொடு,
கொக்கிப் பல்லில் புதுச் செயின்
ஒரு கோடை தாங்காது.
முன்பல் இன்னும் பிழைத்திருக்கிறது.

"எத்தனை கண்ணி?"
நூற்றுப் பதினேழு.
சிரித்தான். ஒற்றைப்படையில் செயின் ஏதம்மா,
உள்கண்ணிக்கு வெளிக்கண்ணி ஜோடி,
போய்த் திரும்ப எண்ணு.

சாக்பீஸால் குறி வைத்து எண்ணினேன்.
நூற்றுப் பதினேழு.
மண்ணெண்ணெயில் துணி நனைத்து
ஒவ்வொன்றாகத் துடைத்தபோது
அறுபதுக்குப் பக்கத்தில்
கிரீஸுக்கு அடியிலிருந்து வந்தது
இடுப்பு வளைந்த ஓர் அரைக்கண்ணி.
நீண்டுபோன செயினில் ஒன்றை வெட்டி
இதைச் செருகி, மூச்சு விடாமல்
விற்றிருக்கிறார் மனுஷர்.

நூற்றுப் பதினெட்டு வாங்கி வந்தேன்.

பழைய செயினின் வாலில் புதியதன் தலையைக் கோத்தேன்.
பக்கத்து கராஜ் நிலவறையில்
உருளைக்கிழங்கு எடுக்க வந்த மாரெட்
வாளியை இறக்கிவிட்டுப் பழைய முனையைப் பிடித்தாள்.
நான் புதியதை ஊட்ட, அவள் இழுக்க,
எஞ்சினின் இருட்டுக்குள் எங்கோ
முன்பல்லைச் சுற்றி
கறுப்பாக, எண்ணெய் வடிய வெளியே வந்தது.
"பாம்பு பாம்பைப் பெற்ற மாதிரி" என்றாள்.
கிளிப்பின் வாய் பின்னோக்கி இருக்கட்டும்,
முன்னோக்கி இருந்தால் ஓட்டத்தில் கழன்றுவிடும்.
இரண்டு முறை பார்த்தேன். அவளையும் பார்க்கச் சொன்னேன்.

அந்த அரைக்கண்ணியைக் கழுவி
சட்டைப் பையில் போட்டிருக்கிறேன்.
திங்கட்கிழமை என் தபால் பையில்
ஹெல்டுரின் வீடு நாற்பத்தோராவது.
மின்கட்டண ரசீதோடு அதுவும்
பெட்டிக்குள் விழும்,
தபால்தலை இல்லாமல்.
சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.