நனையக் கூடாதவை

பேருந்து ஐந்தே காலுக்கு.
ஒபெராவில் ஜூலைக் குளிர்
கதவிடுக்கில் காத்திருக்கிறது.
அங்கேயோ மதியத்தில்
சட்டையைக் கழற்றச் சொல்லுமாம் வெயில்.
கம்பளியும் வேண்டும், கையில்லாததும் வேண்டும்.
பை ஒன்றுதான்.

உலகமே விமானம் ஏறி வந்து
பார்த்துப் போகிற அருவி.
நாலைந்து மணி நேரப் பயணம்.
முப்பத்தொரு வருடமாக
நாங்கள் போகவில்லை.
மர அறுப்பு ஆலைக்கு ஞாயிறு மட்டும் விடுமுறை.
ஞாயிறு எவாரிஸ்தோ தூங்குவார்.

ஹலினா வேலிக்கு மேலாக
இரண்டு மஞ்சள் மழைக்கோட்டுகளை எறிந்தாள்.
"சாரல்தானே என்று நினைக்காதே,
உள்பாவாடை வரைக்கும் விசாரிக்கும்."
போன வருடம் அவள் நாத்தனாரின் கைப்பையை
ஒரு கோவாத்தி திறந்து
சீப்பா ரொட்டியோடு
வீட்டுச் சாவியையும் இழுத்துப் போனதாம்.
நீள மூக்கு, வளையம் போட்ட வால்,
பிடிபட்டால்
ஒன்றும் அறியாத முகம்.

ஆகவே ரொட்டிக்கு மூன்று முடிச்சு.
சாவி என் கழுத்தில்.
மாத்தேக் குடுவை, யெர்பா, வெந்நீர்க் குப்பி,
கொசு மருந்து,
உள்ளூர்க்காரர் என்று காட்ட அடையாள அட்டை.
எப்படித் தேய்த்தாலும் போகாத செம்மண்
செருப்பில் இருக்கிறது.
அதைக் காட்டினாலே போதும்.

கடைசியாக அது.
காதுக்குப் பின்னால்
முந்திரிப்பருப்பு மாதிரி உட்கார்ந்திருக்கும்.
இன்னும் ஏழு தவணை பாக்கி.
கீழே விழலாம், வியர்க்கலாம்,
நனையவே கூடாது என்றார் கடைக்காரர்.
பிளாஸ்டிக் பை, அதற்குள் ஒரு பை,
அதற்குள் புதுச் செருப்புப் பெட்டியில் கிடந்த
'தின்னாதே' என்று நாலு மொழியில் எழுதிய
குட்டிப் பொட்டலம்.

எவாரிஸ்தோ பார்த்துக்கொண்டே இருந்தார்.

இருபத்தாறு வருடம் ரம்பம் தின்றது போக
அவருக்கு மிச்சம் கனத்த ஒலிகள்:
கட்டை ஏற்றிய லாரி, இடி, என் அண்ணன்.
பறவைகள் முதலில் போயின.
பிறகு கெட்டிலின் விசில்.
பிறகு பேத்தி.
என் பேச்சில் உயிர்கள் மட்டும்
அவரிடம் போய்ச் சேர்கின்றன.
மெய்யெல்லாம்
வழியிலேயே உதிர்ந்துவிடும்.

எழுந்து வந்தார்.
பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்து
அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடினார்.

"சாத்தானின் தொண்டைக்கு முன்னால் நின்றால்
யாருக்கும் எதுவும் கேட்காதாம்.
பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும்
வாய் மட்டும்தான் அசையுமாம்.
ஒரு நாள்
எல்லாரும் என்னைப் போல இருக்கட்டுமே."

பேருந்து நிலைய அறிவிப்பு? என்றேன்.
நீ கேள் என்றார்.
யாராவது தள்ளச் சொன்னால்?
தள்ளுவார்கள், தெரியும் என்றார்.
ஏழு தவணை? என்றேன்.
காதில் விழாதது போல் இருந்தார்.
அதில் எது நிஜம், எது நடிப்பு என்று
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

படுக்கையில்தான் உறைத்தது.
அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு
அவர் என் உதட்டைப் படிப்பார்.
அவருக்குப் பழக்கம்.
நான்?

விளக்கைப் போட்டேன்.
குரலில்லாமல் ஏதாவது சொல்லுங்கள் என்றேன்.
சொன்னார்.
ரொட்டி என்றேன். குளிர் என்றாராம்.
மறுபடி சொன்னார்.
என் அம்மாவின் பெயர் என்றேன்.
கட்டில் குலுங்கச் சிரித்தார்.
தன் சிரிப்பு எவ்வளவு சத்தம் என்று
தெரியாதவரின் சிரிப்பு.
ஹலினா வீட்டு நாய் குரைத்தது.

நாலே முக்கால்.
பொட்டலம் இருந்த இடத்தில்
ஒரு துண்டை மடித்துத் திணித்தேன்.
வாசலில் திரும்பி,
மூச்சுப் புகைய,
நீளமாக ஏதோ சொன்னார்
உதட்டால் மட்டும்.

புரிந்ததுபோல் தலையாட்டினேன்.

கண்டுபிடித்துவிட்டார்.
எத்தனை வருடம்
அவர் எனக்கு ஆட்டிய தலை அது.