உளப்பாட்டுத் தன்மைப் பன்மை

செவ்வாய், வியாழன் மூன்றரை மணிக்கு
நாயுடுபுரம் ஏற்றத்தில் ஐனோவின் வீடு.
மணிக்கு நானூறு ரூபாய்.
குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு
ஈரக் காலுறையோடு உட்காருவேன்.
ஹீட்டரை என் பக்கம் திருப்பி வைப்பாள்.

உயிரெழுத்து வேண்டாம் என்றாள் முதல் நாளே,
சிலிண்டர் வேண்டும்.
ஆகவே முதல் பாடம்:
சிலிண்டர் எப்ப வரும்?
இரண்டாம் பாடம்:
நேத்தே வரும்னு சொன்னீங்களே?
அந்தக் கடைசி ஏகாரம் அவள் வாய்க்கு வர
மூன்று வாரம் ஆனது.
அதற்குள் இன்னொரு சிலிண்டரும் தீர்ந்தது.

பின்லாந்துக்காரிக்குக் குளிருமா என்று
மூஞ்சிக்கல் கடையில் சிரித்தார்களாம்.
என்னிடம் சொன்னாள், சொல் சொல்லாகப் பொறுக்கி:
எங்க ஊர்ல பனி வெளியே இருக்கும்.
இங்கே வீட்டுக்குள்ள இருக்கு.
ஷூவில் பூசணம். பாஸ்போர்ட் அட்டையில் பூசணம்.
யூக்காவின் செல்லோவுக்கு
ஜூன் முழுக்கத் தொண்டைக்கட்டு.

யூக்கா பாடத்துக்கு வருவதில்லை.
பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் போதும்.
விசாப் பதிவுக்குத் திண்டுக்கல் போய்
ஒரு கையெழுத்து குறைகிறதென்று
மலை முழுக்க வாந்தியெடுத்தபடி
திரும்பி வந்தார் ஒரு நாள்.
அன்று ராத்திரி, தட்டு... என்று தொடங்கினாள் ஐனோ,
அதற்கு மேல் வினைச்சொல் தெரியவில்லை.
உடைந்ததா, உடைத்தாரா என்றேன்.
வாத்தியார் புத்தி.
இரண்டுக்கும் வித்தியாசம் கேட்டாள், எழுதிக்கொண்டாள்,
ரொம்ப நேரம் நோட்டையே பார்த்தாள்.
உடைந்தது, என்றாள்.

ஓனிக்கு ஏழு வயசு.
லைன் வீட்டுப் பையன்களோடு சுற்றி
நான் சொல்லித்தராத தமிழெல்லாம் படித்து வந்தான்.
அதில் ஒரு சொல்லுக்கு அவள் பொருள் கேட்டாள்.
விருந்தாளி முன்னால் சொல்வதில்லை
என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க.
இதை மட்டும் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டாள்.
அவள் மொழியிலும் உடைமைக்கு வினை கிடையாதாம்,
எல்லாம் நம்மிடம் சும்மா இருக்கின்றனவாம்.
உங்களுக்கு?
எனக்கு ஒரு மகள் இருக்கா. ஜெனிட்டா.
வீட்டுக்காரர் இருக்கார்.
எங்கே?
தம்மாமில்.
நீங்க ஏன் போகல?

குடும்ப விசாவுக்கு என்று ஒரு சம்பளம் உண்டு.
அந்தச் சம்பளத்துக்கும் சவரிராஜுக்கும் நடுவில்
பதினோரு வருஷம் நிற்கிறது.
இதை அவளுக்குத் தெரிந்த
நூற்றுச் சொச்சம் வார்த்தைகளில் எப்படிச் சொல்ல?
எதிர்மறை வினை அடுத்த வாரம், என்றேன்.

ஆறு பேர் அறையில் அவருக்கு மேல் கட்டில்.
கீழே இருப்பவருக்கு அதிகாலை ஷிப்ட்.
வீடியோவில் உதடு மட்டும் அசையும்,
நாங்கள் பார்த்துப் புரிந்துகொள்வோம்.
அவருக்கு யாரும் நாற்காலி போட்டு மொழி சொல்லித்தரவில்லை.
யல்லா. புக்ரா. மாஃபி.
வா, நாளைக்கு, இல்லை.
மூன்றை வைத்தே ஓட்டிவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை நாம், நாங்கள்.
எங்களிடம் ஒன்றுதான் இருக்கு என்றாள்.
கேட்பவரை வெளியே நிறுத்தினால் நாங்கள்,
உள்ளே கூட்டிக்கொண்டால் நாம்.
நோட்டில் இரண்டு வட்டம் போட்டாள்.
யூக்காகிட்ட பேசும்போது?
நாம்.
உங்ககிட்ட?
அது... என்று நான் ஜன்னலைப் பார்த்தேன்.
கேரட் பாத்தி நடுவே ஒரு காட்டுமாடு
மஞ்சில் பாதி கரைந்து நின்றது.

வியாழக்கிழமை கதவைத் திறந்ததுமே சொன்னாள்:
டீச்சர், நமக்கு நாலு நாளா தண்ணி வரல.
என் வீடு செண்பகனூரில்.
அங்கே வந்துகொண்டுதான் இருக்கிறது.
திருத்தவில்லை.

அன்று ராத்திரி சவரிராஜ் கூப்பிட்டார்.
சாப்பிட்டீங்களா?
நாங்க சாப்பிட்டாச்சு.
சளி விட்டுச்சா?
நாங்க நல்லாத்தான்...

பதினோரு வருஷமாகச் சொல்கிறேன்.
இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை.

ஹலோ, ஹலோ என்றார்.
என்ன, அங்கே மஞ்சா? சிக்னல் போயிடுச்சா?