தோல் முந்திக் காய்ந்தது

முப்பத்தெட்டுப் பக்கற் திரும்பி வந்தது
கல்லடிக் கடையிலிருந்து.
ஓட்டோக்காரர் கையை நீட்டித் தள்ளிப் பிடித்து
பழுதான மீனைப்போல இறக்கி வைத்தார்.
உள்ளே பொலித்தீன் வியர்த்திருந்தது.

ஒன்றை வெட்டினேன்.
மேலே செருப்புத் தோல்,
பல்லுக்கு விட்டுக்கொடுக்காத மினுக்கம்.
நடுவில் இன்னும் மாம்பழம்,
ஈரமாய்,
புளிக்கத் தொடங்கிய மாம்பழம்.

பஸ்மியா பார்க்கவில்லை.
கரண்ட் பில்லை நாலாய் மடித்துக்
கல்குலேற்றருக்கு அடியில் வைத்தாள்.

எழுபத்தைந்து பாகை, ஆறு மணித்தியாலம்,
ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தி இருநூறு பக்கற்.
கொப்பியில் எழுத்து அவளுடையது.
கீழே ‘சரி’ என்று போட்டது நான்.

முதல் வருசம் வெயிலில்தான் போட்டோம்,
ஆரையம்பதியில், எங்கள் கூரைத் தகட்டில்,
நைலோன் வலைக்குக் கீழே.
கச்சான் காற்று மூன்று நாளில் முடித்துத் தந்தது,
காசு கேட்கவில்லை,
மணலை மட்டும் சேர்த்துத் தந்தது.
நிறம் கருப்பட்டி. ருசியில் கொஞ்சம் கடல்,
கொஞ்சம் எதிர்வீட்டு நெத்தலி.
வில்லாட்டா அம்பலவியா என்று
அறுத்த எனக்கே தெரியவில்லை.
ஆனாலும் பிய்த்தால் நடுவரைக்கும் ஒரே காய்ச்சல்.

மறுகா சூரியப் பெட்டி.
கறுப்புத் தகரம், மேலே கண்ணாடித்தாள்,
வாயில் ஒரு சின்னக் காற்றாடி.
மண் நின்றது. எறும்பு நின்றது. நிறமும் நின்றது.
மப்புப் போட்ட அன்று எல்லாமே நின்றது.

டோஹாவிலிருந்து அவளுடைய நானா
ஒரு பக்கற் கொண்டுவந்தார்,
உறையவைத்து உலர்த்திய ஸ்ட்ரோபெரி.
கையில் பாரமே இல்லை.
பப்படமாய் நொறுங்கி, எச்சில் பட்டதும்
சட்டென்று பழமாகிவிட்டது.
சிரித்துச் சிரித்து முழுவதையும் தின்றோம்.
அந்த மெசினின் விலையைப் போனில் பார்த்த பிறகு
பக்கற்றை மட்டும் கழுவி வைத்துக்கொண்டோம்.

பிறகுதான் லோன். பிறகுதான் இந்தப் பத்துத் தட்டு மெசின்.

பழத்துக்குள் இருக்கிற தண்ணீர்
நடந்து வருகிற சாதி, ஓடி வராது.
வெளியே சூடு அவசரப்பட்டால்
தோல் முந்திக் காய்ந்து படலையைச் சாத்திவிடும்.
உள்ளே நின்றது உள்ளேயே நிற்கும்.
தராசு ஏமாறும். விரலும் ஏமாறும்.
மூன்றாம் கிழமை பொலித்தீன்தான் உண்மை சொல்லும்.

இதையெல்லாம் அன்று நான் சத்தமாய்ச் சொன்னேன்.
அவளும் சொன்னாள்: “பில்லுக் கட்டுறது ஆரு?”
காத்தான்குடிப் பக்கம் திரும்பி நடந்தாள்,
குடையை விட்டுவிட்டு.
முப்பத்தெட்டையும் தென்னையடியில் தாட்டேன்.
பதினேழு நாள் மெசின் கதவில்
கெக்கோ ஒன்று குடியிருந்தது.

பதினெட்டாம் நாள் குடைக்கு வந்தவள்
பிள்ளையின் அடிமட்டத்தைக் கொண்டு வந்திருந்தாள்.
மிச்சமிருந்த ஒரு துண்டை நிமிர்த்தி வைத்து அளந்தாள்.
ஒன்பது மில்லிமீற்றர்.
“இது வெட்டினதா புள்ள, கொத்தினதா?”
கத்தி பிடித்தது நான்.
அதைக் கொப்பியில் யாரும் எழுதவில்லை.

தேசிப்புளித் தண்ணீரில் தோய்த்து
ஐந்து மில்லிமீற்றரில் அடுக்கினோம்.
ஐம்பத்தெட்டுப் பாகை. நேரம் எழுதவில்லை,
காய்கிறவரைக்கும்.
இஷாவுக்குப் பிறகு அவள் வீட்டுக்குப் போனாள்.
இரவு இரண்டு மணிக்குப் போன் அடித்தது.
“தட்ட மாத்தினயா?”
“மாத்தின.”
“மேல் தட்டு கீழ?”
“ஓம்.”
வைக்காமல் கொஞ்ச நேரம்
இரண்டு பேரும் மெசினின் இரைச்சலைக் கேட்டோம்.

விடிய அவளே வந்து
ஒரு துண்டை நடுவால் பிய்த்து
புதுப் பில்லின் பின்பக்கத்தில் வைத்து
பெருவிரலால் அழுத்தினாள். எடுத்தாள்.
கறை இல்லை.

பில்லை இன்னும் திருப்பிப் பார்க்கவில்லை.