திருப்பித் தைத்த கோட்டு

சாயம் வெளுப்பது பற்றித்
தையற்காரனிடம் கேளுங்கள்.
பிரெண்டிஸ் துரையின் கோட்டு தோளில் வெளுத்திருந்தது,
முழங்கையில் இழை தெரிந்தது.
பிரித்துப் பார்த்தேன். உள்பக்கம்
வாங்கிய நாளின் கருநீலம் அப்படியே.

இரவில் கொண்டுவந்தார், அவரே.
பட்லரிடம்கூடக் கொடுத்தனுப்பவில்லை.
"வெளியே தெரியக்கூடாது, சூசை" என்றார்.
தயவுசெய்து என்பதுபோல ஒரு சொல்
தொண்டைவரை வந்து திரும்பிப் போனது.

உள்ளை வெளியாக்கினால் இடம் வலமாகும்.
பித்தான் துளைகள் பெண்பிள்ளை உடுப்புப்போல
எதிர்ப்பக்கம் வந்து நிற்கும்.
மடிப்புக்குள்ளிருந்தே நூல் உருவி
பழைய துளைகளை இழையோட்டி மூடினேன்,
புதிதாய் வெட்டினேன்.
ஆறு துளை, மூன்று இரவு. வெளியே உறைபனி,
உள்ளே மண்ணெண்ணெய் விளக்கு,
ஞானப்பூவின் இருமல்.

மூன்று வருஷத்துப் பாக்கி எழுபத்திரண்டு ரூபாய்.
கர்னல் வீட்டுச் சீட்டாட்டத்தில் தோற்ற நூற்றைம்பதை
மறுநாள் பன்னிரண்டு மணிக்குள் கட்டிவிட்டாராம்,
நரிவேட்டைக் குதிரையை விற்று.
அது மானக்கடன், காத்திருக்காது.
என்னுடையது வெறும் கடன்.
அது எவ்வளவு நாளும் காத்திருக்கும்,
துணிப்பாக்கி கேட்டு மேட்டுப்பாளையத்திலிருந்து
காதர்ஷா ராவுத்தர் வண்டியேறி வரும்வரை.

பங்குனியில் கிளப்புச் செயலாளர் வந்தார்.
கேப்டன் உறுப்பினராக மனுப் போட்டிருக்கிறாராம்.
பெட்டியில் ஒரே ஒரு கருப்பு உருண்டை விழுந்தாலும் போச்சு.
உட்காராமல், கையுறை கழற்றாமல் கேட்டார்:
"உனக்கு அவர் ஏதாவது தரவேண்டுமா?"

பேரேடு என் முழங்கையடியில் திறந்தே கிடந்தது.
தமிழில் எழுதியது, அவருக்குப் புரியாது.
சொல்லியிருக்கலாம்.
சொன்னால், துரைமார் பங்களாக்களில்
என் அளவுநாடா அப்புறம் நுழையாது.
வாயாடித் தையற்காரனிடம்
யார் இடுப்பளவு கொடுப்பார்?
எனக்கும் ஒரு பெயர் இருக்கிறது,
கீழ்க்கடைவீதி நீளத்துக்கு.
"ஒரு பைசாவும் இல்லை, துரை."

பெரிய வெள்ளிக்கு முன்
பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன்.
யாருக்காகப் பொய் சொன்னாய், என்றார் சாமியார்.
யோசித்தபடி முழந்தாளிட்டிருந்தேன்,
பின்னால் வரிசை செருமும்வரை.

எல்லா உருண்டையும் வெள்ளையாம்.
மறுநாள் மூடுபனிக்குள்ளிருந்து இறங்கி வந்தார்,
பகலிலேயே, முன்வாசல் வழியே.
விருந்துக்குப் புதுக் கோட்டு வேண்டுமாம்,
பட்டு உள்துணி வைத்து.
பேசும்போது, நான் மூடிய துளைகளில் ஒன்றை
அவர் கட்டைவிரல் தடவிக்கொண்டே இருந்தது.
அளவெடுத்தேன். மார்பு முப்பத்தொன்பதரை.
போன முறை முப்பத்தெட்டு.
மூச்சை இழுத்துப் பிடித்திருந்தார்.

வாசலில் திரும்பித் தொப்பியை லேசாகத் தொட்டார்.
எனக்கா,
என் ஆளுயரக் கண்ணாடியில் நின்றவருக்கா,
தெரியவில்லை.
"கணக்கில் எழுதிக்கொள், சூசை."

எழுதிக்கொண்டேன்.
உள்துணிக்கு மட்டும்
இரண்டு அணா கூட்டி.