சுற்றுக் கணக்கு

பூம்பாறை, புதன் ராத்திரி.
ஷெட்டுக்குள் மேகம் வந்து
பேட்டரி விளக்கின் முன்னால் நிற்கிறது.
அட்டைப் பெட்டியில் எட்டு ஓட்டை போட்டு
ஒவ்வொன்றின் கீழும்
இன், எக்ஸ், எக்ஸ், இன் என்று
பால்பாயிண்ட்டால் எழுதியவன் நான்தான்.
டீ வாங்கி வருவதற்குள்
தகரம் ஒழுகி, மை கரைந்து, அட்டை கூழாகி
எட்டு ஸ்பிரிங்கும் டீசல் தட்டில்
ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.
பிலவேந்திரன் பெட்டியை நகர்த்தி வைத்திருக்கலாம்.
சொல்லவில்லை.
ஜீப்பில் அவனுக்கும் பாதிப் பங்கு.

வால்வுகளில் குழப்பமே கிடையாது.
இன்லெட்டுக்கு அகல முகம்,
கழுத்துவரை ஈரக் கரி.
எக்ஸாஸ்ட் சிறுத்தது,
விளிம்பில் சாம்பல் பூத்து
எங்கிருந்து வருகிறதென்று
கேட்காமலே சொல்லிவிடும்.
ஸ்பிரிங்குகள்
நெருப்புக்கு மேல்மாடியில் குடியிருப்பவை.
காற்றை உள்ளே விட்டதும்
புகையை வெளியே தள்ளியதும்
ஒரே எண்ணெயில் குளித்து
ஒரே கறுப்பில் எழுந்து வருகின்றன.
கம்பெனி வைத்த வண்ணப் பொட்டு
எந்தக் காலத்திலோ அழிந்துவிட்டது.

"மாத்திப் போட்டா என்ன?" என்றான்.

ஒன்றும் ஆகாது, ஸ்டார்ட் ஆகும்.
கொடைக்கானல் வரைக்கும் சொகுசாய்ப் போகும்.
டம் டம் பாறை இறக்கத்தில்
இரண்டாம் கியரில் எஞ்சின் அலறும்போதுதான்
குட்டை ஸ்பிரிங் மாட்டிய இன்லெட்
மூட நேரமில்லாமல் திறந்தே நிற்கும்.
பிஸ்டன் மேலே வந்து தட்டும்.
ஒரு தடவைதான் தட்டும்.

வெர்னியரை எடுத்தேன்.
எக்ஸாஸ்ட்டுக்கு அடியில் சுழலும் கிண்ணம் ஒன்று உண்டு.
அதற்கு இடம் விட்டதுபோக
அதன் ஸ்பிரிங் குட்டை. நாலு நெட்டை, நாலு குட்டை,
இவ்வளவுதான் விஷயம்.
நாற்பத்தெட்டு. நாற்பத்தைந்து. நாற்பத்தைந்து. நாற்பத்தெட்டு.
துணிமேல் பிரித்து வைத்துப் பார்த்தால்
நெட்டை மூன்று,
குட்டை ஐந்து.
துடைத்து, மறுபடி அளந்தேன்.
மூன்று. ஐந்து.
நாலு சிலிண்டர் வண்டியில்
அப்படியொரு கணக்கு இல்லை.
ஐந்து பேரில் ஒருவன்
நெட்டையாய்ப் பிறந்தவன்.
கம்பியின் கனமும் காட்டிக்கொடுக்கவில்லை.

வாசலில் இருபத்திரண்டு மூட்டைப் பூண்டு.
விடிந்தால் வியாழன், வடுகபட்டிச் சந்தை.
போன சந்தையும் இந்த வண்டியால் போச்சு.
மூட்டைமேல் குந்தியிருந்த நாகஜோதி
எங்களைத் தவிர எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தாள்.
"நாள் ஆக ஆக வத்துது.
உரிச்சுப் பாரு, பல்லு அத்தனையும் இருக்கு.
எடைதான் இல்ல.
யாவாரி பல்லையா எண்ணுவான்?"

வெர்னியரைக் கீழே வைத்தேன்.
கம்பியின் முனையில் நகத்தைப் பதித்து
கொண்டை ஊசி கொண்டை ஊசியாய்
மேலே ஏறினேன்.
ஆறரைச் சுற்று.
அடுத்தது ஆறரை.
அதற்கடுத்ததும்.
நாலாவது ஏழு.
உச்சியிலிருந்து இறங்கி வந்தேன்.
ஏழேதான்.
ஓரமாய்க் கிடந்த நெட்டைகளை எண்ணினேன்,
அவையும் ஏழு.

எத்தனை கோடித் தடவை அமுங்கியதோ
உயரத்தைக் கொடுத்துவிட்டு
சுற்றை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது.

பிலவேந்திரன் நம்பவில்லை.
இதையும் நல்ல நெட்டை ஒன்றையும்
நடுவில் வாஷர் கொடுத்து, முனைக்கு முனை
வைஸில் பூட்டி மெல்லத் திருகினான்.
இதுதான் முதலில் குனிந்தது.
அவன் பிடியைத் தளர்த்தினான்.
வத்தலக்குண்டில் கடை திறக்கப் பத்து மணியாகும்.
அதற்கு அடியில் இரண்டு ஷிம் வைத்து
மூன்றாவது சிலிண்டருக்குப் போட்டோம்.
பெரிய வேலை செய்ததாய் யாருக்கும் நினைப்பில்லை.
கையில் டீசல் நாறியது,
நாகஜோதி கொடுத்த சோப்பில் பூண்டு நாறியது.

விடியற்காலை, டம் டம் பாறை.
இரண்டாம் கியர். பின்னால் இருபத்திரண்டு மூட்டை.
"பாட்ட ஏன் நிறுத்துன?" என்றாள் அவள்.
பிலவேந்திரன்தான் பதில் சொன்னான்,
"பேசாத. அவன் எண்ணிக்கிட்டிருக்கான்."