தோற்ற ராத்திரி

ஜெயித்த ராத்திரியில் யாரும் வருவதில்லை.
டீக்கடையிலேயே பேசித் தீர்த்துவிட்டுத்
தூங்கப் போய்விடுகிறார்கள்.
தோற்றால்தான் வியாசர்பாடி விழித்திருந்து
என் தளத்தைத் திறந்து திறந்து பார்க்கிறது,
கோல் கணக்கு மாறியிருக்குமோ என்பதுபோல.

ஓரத்தில் விளம்பரம் மினுக்கும்:
படப்பையில் மனை, பல்லுக்குக் கிளிப், நகைக்கடன்.
ஆயிரம் பேர் பார்த்தால் ஒரு டீ.
யாராவது தொட்டால் கூட ஒரு பஜ்ஜி.
நூறு டாலர் சேர்ந்தால்தான் அனுப்புவார்களாம்.
பதினாலாம் மாசம் எண்பத்தொன்றில் நின்றது,
பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்குக் காத்திருக்கும் ரயிலாய்.

பிறகு அரையிறுதி.
எபனேசர் பந்துக்குப் பாய்ந்தான்.
பந்து ஒரு பக்கம், முட்டி ஒரு பக்கம்.

படத்தைப் போட்டேன்.
பக்கத்தில் தானாகவே வந்து உட்கார்ந்தது
மூட்டு அறுவைசிகிச்சை ஆஸ்பத்திரி ஒன்று.
எடுத்திருக்கலாம் படத்தை.
தலைப்பை மட்டும் மாற்றினேன்:
இனி ஆடுவானா எபனேசர்?
கேள்விக்குறிக்குக் காசு அதிகம்.
விடிவதற்குள் நூற்றி நாலு.

வங்கி பிடித்தது போக வந்ததில்
அரை டஜன் சாத்துக்குடி, ஒரு நீ-கேப்
வாங்கிக்கொண்டு ஸ்டான்லிக்குப் போனேன்.
தூக்கிக் கட்டிய காலுக்குப் பின்னால்
செல்போன் வெளிச்சத்தில் அவன் முகம்.
என் தளம்தான்.

"ரெண்டு தடவ தொட்டேன்டா
அந்த ஆஸ்பத்திரி விளம்பரத்த,
எவ்ளோ ஆவும்னு பாக்க" என்றான்.

"உனக்கு எதுனா வந்துச்சா?"